ஆண்களைத்தான் சளிக்காய்ச்சல் அதிகம் படுத்துமா?

கேள்வி: எனக்கு 47 வயது, கணவருக்கு 54. அவருக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை, சிகரெட்டும் உண்டு. வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சல் தொற்றினால் எனக்கு மூன்று நாளில் விட்டுவிடுகிறது, அவர் பத்து நாள் படுத்துவிடுகிறார். கொரோனாவின்போது இருவருக்கும் ஒரே நாளில்தான் பாசிட்டிவ் வந்தது. அவருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று, நான் சமைத்துக்கொண்டிருந்தேன். மூத்த மகளின் பையன் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, போன மழைக்காலத்தில், மூச்சிழுப்போடு ஆஸ்பத்திரியில் இருந்தான். அதே வயதுள்ள என் கொழுந்தனார் பேத்திக்கு வெறும் மூக்கொழுகலோடு போயிற்று. ஆண்களுக்குப் பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைவா? பெண் ஹார்மோன்தான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று படித்தேன், உண்மையா? மழை தொடங்குவதற்குள் கணவருக்கு ஏதாவது சத்து மாத்திரை கொடுக்கலாமா? இளைய மகள் ஆறு மாத கர்ப்பிணி. பிரசவத்துக்கு இங்கேதான் வரப்போகிறாள். வீட்டில் கூட்டம் கூடும் என்பதால் கேட்கிறேன்.
வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கவனித்ததில் தவறில்லை. ஆண், பெண் என்ற உடல் வேறுபாட்டுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு உங்கள் கணவர் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒருவரைக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, உங்கள் வீட்டில் வரும் மழைக்காலத்தில் முதலில் கவனிக்க வேண்டியவர் அவர்தான். அவரிடம் வருவதற்கு முன் உங்கள் கேள்விகள்.

தொற்றுவது வேறு, தொற்றியபின் நோய் முற்றுவது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம். கொரோனாவின் முதல் ஆண்டில் பல நாடுகளின் 31 லட்சம் நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்தது. தொற்றியவர்களில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சரிபாதி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்போ ஆண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. இறக்கும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு. 2003இல் ஹாங்காங்கைத் தாக்கிய, கொரோனாவின் உறவான சார்ஸ் நோயிலும் இதே கதைதான். செவிலியர்கள் பலர் பாதிக்கப்பட்டதால் தொற்றியவர்களில் பெண்களே அதிகம். ஆனால் நோய் கண்ட ஆண்களில் 21.9 சதவீதம் பேரும் பெண்களில் 13.2 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆக, வைரஸ் ஆள் பார்த்து வருவதில்லை. உள்ளே வந்தபிறகு உடல் அதை எதிர்கொள்ளும் விதத்தில்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தின் ஒரு வேர் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.7 என்ற புரதத்துக்கான மரபணு அங்கேதான் உள்ளது. அந்தப் புரதம் வைரஸைக் கண்டதும் செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது; பக்கத்துச் செல்கள் உஷாராகின்றன. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று அணைக்கப்பட்டுவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் சில எதிர்ப்புச் செல்களில் இந்த மரபணு மட்டும் அணையாமல் தப்பிவிடுகிறது. அதனால் பெண்களின் செல்கள் முதல் மணி நேரங்களிலேயே கூடுதலாக இன்டர்ஃபெரான் சுரக்கின்றன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதிலுள்ள மரபணு பழுதானால் மாற்று கிடையாது. 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், வேறு நோய் எதுவும் இல்லாதவர்கள், கொரோனாவால் வென்டிலேட்டர் வரை போனார்கள். நால்வருக்கும் டி.எல்.ஆர்.7 பழுது இருந்தது. இது அபூர்வமான குறைபாடு. உங்கள் கணவருக்கு இருக்குமோ என்று தேடிப்போக வேண்டியதில்லை.

இன்னொன்று வயதோடு சேர்ந்து வருவது. சிலரின் உடல் தன்னுடைய இன்டர்ஃபெரானையே எதிரியாக நினைத்து, அதை முடக்கும் எதிரணுக்களை (ஆன்டிபாடி) உண்டாக்கி வைத்திருக்கும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. 2020இல் மிக மோசமான நிலையில் இருந்த 987 கொரோனா நோயாளிகளைச் சோதித்தபோது 101 பேருக்கு இது இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.

ஹார்மோன் பற்றி நீங்கள் படித்ததிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சார்ஸ் வைரஸ் செலுத்திய எலிகளில் ஆண் எலிகள் அதிகம் செத்தன. பெண் எலிகளின் சினைப்பையை நீக்கியபோது அவையும் அதிகம் செத்தன. ஆண் எலிகளின் விரையை நீக்கியதால் எந்த மாற்றமும் இல்லை. அப்படியானால் ஆண் ஹார்மோன் கெடுப்பதைவிட ஈஸ்ட்ரோஜன் காப்பதே முக்கியம் என்று தோன்றும். எலியில் தோன்றுவது மனிதரில் மருந்தாகிவிடுவதில்லை. கொரோனா முற்றிய ஆண்களுக்கு, புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தருகிற ஆண் ஹார்மோன் குறைப்பு ஊசியைப் போட்டு அமெரிக்காவில் முறையாகச் சோதித்தார்கள். பலனில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றிப்போன வயதிலும் கொரோனாவில் ஆண்களே அதிகம் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனவே ஹார்மோன் மாத்திரை யாருக்கும் வேண்டாம். 'ஆண்மை பெருக' என்று விளம்பரத்தில் வரும் டப்பாக்களுக்கும் இதே பதில்தான்.

வேகமான எதிர்ப்புக்கு ஒரு விலையும் உண்டு. முடக்குவாதம், லூபஸ் போன்று உடலே உடலைத் தாக்கும் நோய்கள் பெண்களுக்கே அதிகம். கொரோனாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் அசதி, மூச்சுமுட்டல், மறதி ஆகியவையும் பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. ஃப்ளூ தடுப்பூசி போட்டால் பெண்களுக்குக் கைவலியும் காய்ச்சலும் அதிகம் வரும். எதிரணுக்களும் அதிகம் உருவாகும். 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாதி அளவு ஊசி போட்ட பெண்களின் எதிரணு அளவு முழு அளவு போட்ட ஆண்களுக்கு இணையாக இருந்தது. ஆனாலும் பெண்களுக்குப் பாதி போதும் என்று யாரும் அளவைக் குறைக்கவில்லை. நீங்களும் முழு அளவு 0.5 மி.லி.யே போட்டுக்கொள்ளுங்கள்.

பேரன் விஷயத்தில் காரணம் பெரும்பாலும் குழாயின் அளவு. முதல் வயதில் மழைக்காலத்து மூச்சிழுப்புக்குப் பொதுவான காரணம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். ஆண் குழந்தைகளுக்கு நுரையீரலின் அளவோடு ஒப்பிட்டால் காற்றுக்குழாய்கள் குறுகலானவை. கருவிலேயே பெண் சிசுவின் நுரையீரல் சற்று முன்னதாக முதிர்ச்சி அடைகிறது. குழாயின் ஆரம் பாதியானால் காற்று போவதற்கான தடை 16 மடங்காகும். ஆகவே ஒரே அளவு சளி கட்டினாலும் பேத்திக்கு மூக்கொழுகல், பேரனுக்கு ஆஸ்பத்திரி. இங்கே ஓர் எச்சரிக்கை: நம் ஊரில் 'ஆண் குழந்தைகளே அதிகம் அட்மிட் ஆகிறார்கள்' என்ற கணக்கை அப்படியே நம்ப முடியாது. பையனுக்கு இழுப்பு என்றால் இரவோடு இரவாக ஆட்டோ பிடிக்கிறோம். பெண்ணுக்கு என்றால் காலை வரை பார்க்கலாம் என்கிறோம். மூச்சை எண்ணிப் பார்த்தால் இந்தப் பாரபட்சம் வராது. குழந்தை அழாமல் இருக்கும்போது முழு 1 நிமிடம் வயிற்றின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது மேல் என்றால் அன்றே மருத்துவரிடம். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலமானால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும். பால் கொடுக்குமுன் மூக்கில் சலைன் சொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால், வீட்டுக்குள் புகை இல்லாமை: ஆர்.எஸ்.வி.க்கு வீட்டு வைத்தியம் இவ்வளவுதான். ஆன்டிபயாடிக் இதைத் தொடாது.

இந்தக் குறுகலும் நிரந்தரமல்ல. பருவம் எய்தியபின் நிலைமை தலைகீழாகிறது: சிறுவயதில் ஆஸ்துமா பையன்களுக்கு அதிகம், வளர்ந்தபின் பெண்களுக்கு அதிகம். ஆண்களே பலவீனமானவர்கள் என்ற ஒரு வரித் தீர்ப்பு எந்த வயதுக்கும் சரியாகப் பொருந்தாததற்கு இது ஒரு சாட்சி.

இன்னொரு சாட்சி 1918. அந்த ஆண்டு இன்ஃப்ளூயன்சாவில் (ஃப்ளூ) அமெரிக்காவில் இளவயது ஆண்களே அதிகம் மடிந்தார்கள். ஆண்களிடையே காசநோய் பரவியிருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே வைரஸ் பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களை அதிகம் கொன்றது. கடைசியாகச் சாப்பிடுவதால் வந்த ஊட்டக்குறைவு, காய்ச்சல்காரர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது, தானும் விழுந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது ஆகியவற்றைக் காரணமாகச் சொல்கிறார்கள். இரண்டு எக்ஸ் குரோமோசோம் அந்தப் பெண்களுக்கும் இருந்தது.

இதை உங்களுக்காகவும் சொல்கிறேன். 'நான் சமைத்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். லேசாக வந்ததால் சமைத்தீர்களா, வேறு ஆள் இல்லாததால் சமைத்தீர்களா? காய்ச்சலோடு வேலை பார்த்தது, நோய் லேசாக வந்தது என்பதற்கு ஆதாரமாகிவிடாது. அடுத்தமுறை இருவரும் ஒரே தெர்மாமீட்டரிலும் ஒரே ஆக்சிமீட்டரிலும் பாருங்கள்.

இனி உங்கள் கணவர். இந்தியாவில் 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைப்பவர்கள், பெண்களில் 2 சதவீதம். நம் நாட்டில் ஆண், பெண் வேறுபாடு என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு உண்மையில் சிகரெட்–பீடி வேறுபாடு. சுவாசக்குழாயின் உள்சுவரிலுள்ள நுண்மயிர்கள் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அவருடைய பத்து நாள் படுக்கைக்கு அது ஒன்றே பாதி விளக்கம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வெள்ளணுக்களின் வேகம் குறைகிறது; காய்ச்சல் வந்தால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. மாற்ற முடியாத எக்ஸ் குரோமோசோமைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, மாற்ற முடிகிற இந்த இரண்டைப் பிடியுங்கள்.

சத்து மாத்திரைக்கு வைத்திருக்கும் பணத்தில் அவருக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போடுங்கள். வட இந்திய நகரங்கள் பலவற்றில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் என்றால், சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே செப்டம்பருக்குள் போட்டுவிட வேண்டும், ஆண்டுதோறும் ஒருமுறை. ஊசிக்குப் போகும்போது அந்த ஆண்டுக்கான புதிய ஊசிதானா என்று பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள். சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்திருப்பதால் பாக்டீரியா நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். ஃப்ளூவுக்குப் பின்னால் வரும் பாக்டீரியா நிமோனியாதான் பலரைச் சாய்க்கிறது. சிகரெட்டை விட 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் உண்டு. காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர் என்றால் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் அவருக்குப் போதாது. பலர் 'கம் வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுவது இதனால்தான். 4 மி.கி.க்கு மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் அவரிடம் மூன்று தவறுகளை எதிர்பாருங்கள். முதலாவது, தாமதம். 'சரியாப்போயிடும்' என்று ஐந்தாம் நாள் வரை இழுப்பது ஆண்களின் பொதுக் குணம். ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர் (பெரியவர்களுக்கு 75 மி.கி., நாளைக்கு இருமுறை, 5 நாள்) முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். சர்க்கரை உள்ளவர் இரண்டாம் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவு மாறும் என்பதால் தானாக வாங்கக் கூடாது. வாந்தியோ சாப்பிட முடியாத நிலையோ இருந்தால் எந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது என்றும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 'ஒரு ஊசி போடுங்க டாக்டர்' என்று கேட்டு ஸ்டீராய்டு வாங்கிக்கொள்வது. டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. கொரோனாவில் உயிர் காத்தது, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு. தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2020இலேயே காட்டியது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும். 2021இல் கறுப்புப் பூஞ்சை யாரைத் தேடிப்பிடித்தது என்பது நினைவிருக்கும்.

மூன்றாவது, ஆக்சிமீட்டரைத் தப்பாகப் பார்ப்பது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரல் சூடாக இருக்கும்போது மாட்டி, எண் நிலைக்க 1 நிமிடம் விட்டுப் படியுங்கள். நகப்பூச்சு இருந்தால் அளவு பொய் சொல்லலாம். 94க்குக் கீழே நின்றால் ஆஸ்பத்திரி. 95, 96 காட்டினாலும், ஆள் துணையோடு அறைக்குள் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் அதுவும் ஆஸ்பத்திரிக்கான அறிகுறிதான். மூச்சுமுட்டிக்கொண்டிருப்பவரை நடக்கவைத்துப் பார்க்கக் கூடாது.

இப்போது இளைய மகள். பெண் என்ற பாதுகாப்பு, கர்ப்பத்தின் பிற்பாதியில் அவரைக் காப்பாற்றாது. கருப்பை மேலேறி உதரவிதானத்தைத் தள்ளுவதால் மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடலின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. சேமிப்பு குறைந்து செலவு கூடிய நேரத்தில் நிமோனியா வந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் மோசமாவார். கருவை ஏற்றுக்கொள்வதற்காக எதிர்ப்பு சக்தியும் தன் போக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2009 பன்றிக்காய்ச்சலில் அமெரிக்காவில் மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதமே இருந்த கர்ப்பிணிகள், இறந்தவர்களில் 5 சதவீதமாக இருந்தார்கள்.

செயலிழந்த வைரஸால் ஆன ஃப்ளூ ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். மூக்கில் அடிக்கும் உயிருள்ள வகை மட்டும் கூடாது. தாயின் எதிரணு தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. 6 மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால், அதுவரை அதற்குக் கிடைக்கும் ஒரே தடுப்பு இதுதான். தேசிய தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. ஆகவே தனியாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்; ஓசெல்டாமிவிரைக் கர்ப்பிணிகளுக்கும் தருகிறோம், 48 மணி நேரம் தாண்டியிருந்தாலும் தருகிறோம். காய்ச்சலை இறக்கப் பாராசிட்டமால் போதும். ஐபுரூஃபன் வகை வேண்டாம். ஆக்சிமீட்டரில் அவருக்கான எல்லை உங்கள் கணவருக்கானது அல்ல. 95க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரி, ஏனென்றால் அந்த ஆக்சிஜனில்தான் சிசுவும் வாழ்கிறது. ஆறு நிமிட நடைச் சோதனையை அவரிடம் செய்ய வேண்டாம்.

அவர் வீட்டுக்கு வருமுன் இரண்டு வாரம் இருக்கும்படி நீங்களும் கணவரும் ஊசி போட்டு முடித்துவிடுங்கள். மூத்த மகளின் பையனுக்கு இப்போது ஒரு வயது கடந்திருக்கும். முதன்முறையாகப் போடுவதால் அவனுக்கு 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை, ஆகவே அவனை முதலில் அழைத்துப்போங்கள். இருமல் உள்ளவர் யாராக இருந்தாலும், தாத்தாவே ஆனாலும், கர்ப்பிணி படுக்கும் அறையில் படுக்க வேண்டாம். அந்த அறையின் ஜன்னல் மழையென்று முழுக்க அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகரெட்டுக்கு இடம் மாடியும் அல்ல, வாசலும் அல்ல. சட்டையில் ஒட்டிவரும் புகையும் பிறக்கப்போகும் குழந்தையின் குழாய்களுக்குப் போகும். இதைக் காரணமாகச் சொல்லி அவரை அந்த இலவச எண்ணுக்குப் பேசவைக்க இப்போது உங்களுக்கு மூன்று மாத அவகாசம் இருக்கிறது.